மகளாகப் பேசிய அம்மா

கல்லூரியின் சேர்க்கைப் பிரிவுக்குள் நுழையும்போது அவளிடம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். நீரியல் படிப்பில் இந்த வருடம் எத்தனை இடம்? பேருந்தில் வரும்போதெல்லாம் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனியாக வந்து, தானாகக் கேட்கப்போகும் முதல் கேள்வி அது.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமலே பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். அந்த அம்மாளின் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

“அட, நீங்களா! வாங்க வாங்க, உட்காருங்க. மூட்டுவலி எப்படி இருக்கு?”

அவளுக்குப் பதினேழு வயது. மூட்டு என்று ஒன்று இருப்பதே அதுவரை அவளுக்கு நினைவு வந்ததில்லை. யாருடைய மூட்டு என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் யார் நலம் விசாரித்தாலும் அவள் வாயில் வருவது ஒரே பதில்தான்.

“பரவாயில்லை.”

“இந்த வயசுல வரக்கூடாதுங்க. படி ஏறாதீங்க. நீங்க சொன்ன மாதிரியே வெதுவெதுன்னு உப்புத்தண்ணி வச்சுக் கொப்பளிச்சேன். வீக்கம் வடிஞ்சுபோச்சு, பாருங்க” என்று அந்த அம்மாள் இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். “பல்லைப் பிடுங்கணும்ங்கறீங்க. அதுக்குத்தான் பயமா இருக்கு.”

உப்புத்தண்ணி என்ற சொல்லில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது அம்மாவின் வைத்தியம். இருந்தாலும் கேட்க வந்ததைக் கேட்டாள். நீரியலில் எத்தனை இடம்?

“அது எதுக்கு இனிமே உங்களுக்கு? நீங்கதான் மாறிட்டீங்களே. போன வாரம் பேசும்போது கேட்டேன், அது கிடைக்கலைன்னா வணிகவியல் பரவாயில்லையான்னு. எதுவானாலும் சரி மேடம், ரெண்டும் படிப்புதானேன்னு சொன்னீங்க. அன்னைக்கே மாத்திட்டேன். நீரியலுக்கு அடிச்சுக்கறாங்க. நீங்க விட்டுக் குடுத்ததுல ஒரு பிள்ளைக்கு இடம் கிடைச்சுது. நல்ல மனசு உங்களுக்கு.”

அந்த அம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“போன்ல அப்படிக் கலகலன்னு பேசினீங்க. நேர்ல வாயே திறக்க மாட்டேங்கறீங்களே.”

“தொண்டை கட்டியிருக்கு” என்றாள் அவள். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். எதற்கு நன்றி சொன்னோம் என்று பேருந்து நிறுத்தம் வரை யோசித்துக்கொண்டே போனாள்.

அம்மாவுக்கு வேலை ஒரு பல் மருத்துவமனையில். வரவேற்பு மேசை. மகள் முதல் வகுப்பில் சேர்ந்த வருடம், யாரோ பிரசவ விடுப்பில் போனதற்குப் பதிலாகச் சில மாதத்துக்கென்று போய் உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் சிடுமூஞ்சி. பல்லைத் தவிர வேறு எதையும் பார்த்துப் பேசத் தெரியாதவர். அப்படியிருந்தும் அங்கே உட்கார இடம் இருக்காது என்றால் காரணம் அம்மாவின் குரல்தான். வீட்டில் குக்கர் விசிலோடு போட்டி போடும் அதே தொண்டை, அந்த மேசையில் போனை எடுத்ததும் தேனில் ஊறிக்கொள்ளும். பல் பிடுங்கப் பயந்து ஓடி ஒளிந்தவர்களெல்லாம் அந்தக் குரலைக் கேட்டுத் தானாக வந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்கள்.

அந்த மேசைக்கென்று அம்மா சில சட்டங்கள் வைத்திருந்தாள். பதில் கிடைக்காமல் போனை வைக்கக்கூடாது. டாக்டரிடம் நேரம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லக்கூடாது, வேறு ஒரு நேரத்தை நீட்ட வேண்டும். திங்கள் இல்லையா, செவ்வாய். எல்லாவற்றையும்விட முக்கியமானது, புருஷனுக்காகப் பெண்டாட்டியும் மாமியாருக்காக மருமகளும் பேசினால் நேரம் தரக்கூடாது. யாருக்குப் பல்லோ அவர் பேச வேண்டும். மற்றவர் பேச்சைக் கேட்டு நேரம் கொடுத்தால் ஆள் வரமாட்டார், நாற்காலி காலியாகக் கிடக்கும்.

மகளின் கல்லூரித் தேடலை அம்மா இந்தச் சட்டங்களோடுதான் கையில் எடுத்தாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பரீட்சை முடிந்த மறுநாளே எடுத்துக்கொண்டாள்.

முதலில் மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் கருத்துக் கேட்டாள். அதுவும் ஊசி போட்டுவிட்டு வாய் மரத்துப்போய் வெளியே உட்கார்ந்திருந்தவர்களிடம். அவர்கள்தான் எங்கேயும் எழுந்து போக முடியாதவர்கள். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, கடற்கரைப் பக்கத்துக் கல்லூரியைப் பட்டியலில் இருந்து அடித்துவிடச் சொன்னாள். ரிட்டயர்டு இன்ஜினியர் ஒருத்தர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

“என்ன சொன்னார்?” என்று அவள் கேட்டாள்.

“ம்ம்ம்னார். தலையை இப்படி ஆட்டினார்.”

“வாய்ல பஞ்சு இருந்திருக்கும்மா.”

“பஞ்சு இருந்தா என்ன? வேணும்னா வேற மாதிரி ஆட்டியிருப்பார்.”

அப்பா பேக்கரி வேன் ஓட்டுகிறவர். விடிவதற்குள் ஊர் முழுக்க ரொட்டி போட்டுவிட்டு வந்து, பகலில் பாதிக் கண்ணைத் திறந்தபடி சோபாவில் கிடப்பார். அவர் மூடியிருந்த பாதிக் கண்ணையும் திறந்து, அந்த இன்ஜினியருக்கு நிஜமாகவே ஊசி போட்டிருந்தார்களா, இல்லை உன்னிடம் மாட்டிக்கொண்டதில் வாய் மரத்துப்போனதா என்று கேட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். அந்தக் கல்லூரி பட்டியலில் இருந்து போனது போனதுதான்.

அடுத்தது நேரில் போய்ப் பார்ப்பது. போன இடத்திலெல்லாம் அம்மா முதலில் கழிப்பறையைப் பார்த்தாள். பிறகு காவலாளியிடம் ஆசிரியர்களைப் பற்றி விசாரித்தாள். ஆசிரியர் யாராவது அகப்பட்டு, ‘உனக்கு எதில்மா ஆர்வம்?’ என்று அவளைப் பார்த்துக் கேட்டால், பதில் அம்மாவிடமிருந்து வந்தது. இவளுக்குத் தண்ணி சார். சின்ன வயசுல இருந்தே குழாயடியிலதான் நிப்பா. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுத்த கேள்விக்கும் பதில் சொல்லி முடித்திருப்பாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று திரும்பி வரும்போது அவளுக்கே அறிவுரை. வாயைத் திறக்க எங்கே இடம் விட்டாய் என்று கேட்க வாய் வராமல் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவளுக்கு வேண்டியது நீரியல். மண்ணுக்கு அடியிலும் குழாய்க்குள்ளும் ஆற்றிலும் தண்ணீர் எப்படிப் போகிறது என்று படிக்கிற படிப்பு. போய் வரக்கூடிய தூரத்தில் அது ஒரே ஒரு கல்லூரியில்தான் இருந்தது. விண்ணப்பம் போட்டாயிற்று. விவரம் கேட்க அந்தக் கல்லூரிக்கு ஒரு போன் போட வேண்டியதுதான் பாக்கி. அவளுக்கோ போன் என்றாலே உள்ளங்கை வேர்க்கும். நாளைக்குப் பேசுகிறேன் என்றாள். மறுநாளும் நாளைக்கு என்றாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மதியம், மருத்துவமனையில் கூட்டம் குறைந்த நேரத்தில், அம்மாவே அந்த எண்ணைச் சுழற்றிவிட்டாள்.

கன்னம் வீங்கிய அந்த அம்மாள்தான் எடுத்தார். பெற்றவர்களிடம் விவரம் சொல்வதில்லை, மாணவியைப் பேசச் சொல்லுங்கள் என்றார். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வரவே முடியாது. நாள் முழுக்க அவளே பிறருக்குச் சொல்லும் சட்டம் அது. அந்தச் சட்டத்தைக் கெஞ்சி வளைக்க முடியாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அதனால் மரியாதையாக வைத்தாள். தண்ணீர் குடித்தாள். குரலைக் கொஞ்சம் மெல்லிசாக்கிக்கொண்டு திரும்பப் போட்டாள். வணக்கம் மேடம், நான் ஸ்டூடண்ட் பேசறேன்.

அன்றிலிருந்து அடிக்கடி பேசினாள். ஸ்டூடண்டுக்குப் படியேறினால் முட்டி வலிக்கிறது என்பது பேச்சுவாக்கில் வந்து விழுந்தது. அந்த அம்மாளின் பல்வலியும் அப்படியே வந்தது. அந்த நீரியல் இல்லாவிட்டால் என்ற கேள்வி வந்தபோது, மேசைச் சட்டப்படி செவ்வாய்க்கிழமையை நீட்டிவிட்டாள்.

இதெல்லாம் அன்று சாயங்காலம் சமையலறையில், அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒளிக்கும் எண்ணம் அம்மாவுக்கு இல்லை. அதுதான் மகளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால்கூடத் தோண்டி எடுத்துச் சண்டை போடலாம். அம்மா பூசணிக்காயை மேசை மேலேயே வைத்துக்கொண்டு, அதில் என்ன தப்பு என்று கேட்டாள்.

“வணிகவியல்னா என்னன்னு தெரியுமாம்மா?”

“ஏன் தெரியாது? எதையும் காலியா விடக்கூடாதுன்னு சொன்னேன். முதல்ல உள்ள நுழைஞ்சுட்டா அப்புறம் மாத்திக்கலாம்.”

“மாத்த முடியாதும்மா. என் இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. நல்ல மனசுன்னு பாராட்டறாங்க என்னை.”

அம்மாவின் கத்தி நின்றது. அதுவரை அவள் அப்படி யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் தப்பு என்று ஒப்புக்கொள்வது அந்த வீட்டில் யாருக்கும் சுலபத்தில் வராது.

“நீ பேசியிருந்தா நான் ஏன்டி பேசறேன்? நாளைக்கு நாளைக்குன்னு ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தே. உன் வயசுல எனக்காக யாராவது ஒரு வார்த்தை போய்க் கேட்டிருந்தா நான் இப்படி ஊரான் பல்லுக்கு நேரம் குறிச்சுக்கிட்டு இருப்பேனா? சரி விடு. இப்பவே போட்டு, நான்தான் பேசறேன், மனசு மாறிட்டேன்னு சொல்லிடறேன்.”

“நான்தான்னா? யாரும்மா அந்த நான்?”

சோபாவிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள்னு காலேஜ் நம்பிட்டிருக்கு, வித்தியாசம் தெரிஞ்சவன் உலகத்துல நான் ஒருத்தன்தான், வேணும்னா சாட்சிக்கு வரேன் என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அம்மா மறுபடி நறுக்கத் தொடங்கினாள். வெங்காயம் தேவைக்கு மேல் பொடிப்பொடியாகிக்கொண்டிருந்தது.

நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று மகள் முடிவு செய்தாள். தப்புப் பண்ணினவள் நான், நானும் வந்து நிற்கிறேன் என்றாள் அம்மா. வந்தால் வாயைத் திறக்கக்கூடாது. சரி. எது நடந்தாலும். சரி என்கிறேனே. அம்மா வாயைத் திறந்தால், அந்தக் குரலை அந்த அம்மாள் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். விஷயத்தை அவளே தன் வாயால் சொல்லும் முன்பு அது நடந்துவிடக்கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

சேர்க்கைப் பிரிவின் கதவைத் திறக்கும்போதுதான் பார்த்தாள். அம்மா கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, மடித்து, வலது கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். தடுப்பதற்குள் அந்த அம்மாள் நிமிர்ந்துவிட்டார்.

“அம்மாவா? அடடா, என்னங்க, பல்லா? பிடுங்கியாச்சா?”

அம்மா கண்ணை மூடித் திறந்து ஆமாம் என்றாள்.

“வலிச்சுதா?”

அம்மா தைரியமாகத் தலையை இடம் வலமாக ஆட்டினாள். விரலால் கொஞ்சூண்டு என்றும் காட்டினாள். அத்தனை வருட வேலைப் பழக்கம். பயந்தவரைப் பார்த்தால் கை தானாக வந்துவிடுகிறது. அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்து நிம்மதியாக மூச்சு விட்டார். அப்படியானால் நானும் பிடுங்கிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். பொய் சொல்லாமல் இருக்க வாயை மூடிக்கொண்டு வந்த தன் அம்மா, மூடிய வாயோடு இன்னொரு பொய்யைச் சொல்லி, அதற்கு ஒரு பல்லைப் பலி கொடுக்கப்போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மேடம், அவங்களுக்குப் பல்லுல ஒண்ணுமில்லை” என்றாள். “போன்ல உங்ககிட்ட பேசினது நான் இல்லை. இவங்கதான்.”

அந்த அம்மாள் இவளைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், மறுபடி இவளைப் பார்த்தார்.

“அப்போ மூட்டுவலி?”

“அது அவங்களோடது.”

“உப்புத்தண்ணி?”

“அதுவும்தான்.”

அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டு ஏதோ சொல்ல உதட்டைப் பிரித்தாள். மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா கைக்குட்டையை மறுபடி வைத்துக்கொண்டாள்.

இது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா என்று அந்த அம்மாள் ஆரம்பித்து நிறையச் சொன்னார். எல்லாம் நியாயம்தான். கோபத்தைவிட, தோழி என்று நினைத்த ஒரு பெண் உலகத்திலேயே இல்லை என்று தெரிந்த ஏமாற்றம்தான் அவர் குரலில் அதிகம் இருந்தது. கடைசியில், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி நீரியல் துறைத்தலைவரின் அறையைக் காட்டினார். மாணவி மட்டும் போகலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

துறைத்தலைவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்று, உதட்டசைவைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட முயன்றுகொண்டிருந்தாள்.

“போன்ல பேசினது உங்கம்மா. விண்ணப்பம் போட்டது யாரு? நீரியல் வேணும்னு இங்கே வந்திருக்கிறது நீயா, அவங்களா?”

நான்தான் சார் என்றாள். அது போதவில்லை என்று அவர் முகம் சொன்னது. வேறு வழியில்லாமல் அவள் பேசினாள். அவர்கள் இருப்பது மூன்றாவது மாடி. கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால் மேலே தண்ணீர் நின்றுவிடும். ஆனால் எல்லா நாளும் இல்லை. சில நாள் திறந்தாலும் வரும். கீழ்வீட்டுக்காரர்களோடு அம்மா சண்டை போட்டிருக்கிறாள், குழாய்க்காரர் வந்து பார்த்துக் கையை விரித்திருக்கிறார். ஏன் சில நாள் மட்டும் என்று யாரும் சொல்லவில்லை. தொட்டியில் மட்டம் குறையும்போது இப்படி ஆகிறது என்று அவள் நினைக்கிறாள். சொல்லச் சொல்ல வார்த்தை தட்டித் தடுமாறி வந்தது, ஆனால் வந்தது. நடுவில் பதில் சொல்ல வேறு யாரும் அந்த அறையில் இல்லை.

அவள் சொன்ன காரணம் தப்பு என்றார் துறைத்தலைவர். பாதிகூடச் சரியில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. கொடுத்த இடத்தைத் திருப்பி வாங்க முடியாது. காத்திருப்பவர்களின் வரிசையில் கடைசியாக அவள் பெயரைச் சேர்க்கச் சொல்கிறேன், யாராவது விலகினால் கூப்பிடுவார்கள். பிறகு விண்ணப்பத்தில் இருக்கும் போன் எண் யாருடையது என்று கேட்டார். அம்மாவுடையது. அதை மாற்றச் சொன்னார்.

“கூப்பிட்டா நீ எடுக்கணும். நீ எடுக்கலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க.”

அதன்பின் அந்த வீட்டில் நடந்ததை யாரிடம் சொல்வது? அவளுடைய போன் குழந்தையைப்போல எல்லோராலும் பார்த்துக்கொள்ளப்பட்டது. குளிக்கப் போகும்போது அதை எங்கே வைத்தாய் என்று அம்மா கேட்டாள். சார்ஜ் இருக்கிறதா என்று கேட்டாள். சைலண்டில் போட்டுத் தொலைத்திருக்கிறாயா என்று கேட்டாள். கல்லூரிக்கு ஒரே ஒரு தடவை போட்டு விசாரிக்கட்டுமா, நானாகவே, அம்மாவாகவே என்று கேட்டு, முறைப்பு வாங்கிக்கொண்டு போனாள். மருத்துவமனையிலிருந்து அவள் எண்ணுக்கே கூப்பிட்டாள். பதறிக்கொண்டு எடுத்தால், “ஒண்ணுமில்லை, மணி அடிக்குதான்னு பார்த்தேன்” என்று வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் கல்லூரியிலிருந்து கூப்பிட்டிருந்தால் லைன் கிடைத்திருக்காது என்று சொன்னதற்கு, அதற்குத்தான் சீக்கிரம் வைத்தேன் என்றாள். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று அப்பா சொல்லிப் பார்த்தார். நீரியல் வேண்டாம், இதுவே போதும் என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

கடைசியில் யாரோ ஒருவர் விலகி, அந்த இடம் அவளுக்குக் கிடைத்தது. கன்னம் வீங்கிய அம்மாள் தானே கூப்பிட்டுச் சொன்னார். பல்லையும் பிடுங்கிக்கொண்டார், அம்மாவின் மருத்துவமனையில்தான். அதற்கு நேரம் குறித்துக்கொள்ள அவரே பேசினார். ஆனால் இதெல்லாம் பிறகு தெரிந்தது. போன் அடித்த அந்தக் காலையில் யாருக்கும் எதுவும் தெரியாது.

அன்று அம்மாவுக்கு விடுமுறை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் போன் அதிர்ந்து அடித்தது. கல்லூரியின் எண். இருவரும் அதையே பார்த்தார்கள். எத்தனையோ வருடமாக இரண்டாவது மணியிலேயே எடுத்துப் பழகிய அம்மாவின் கை, மடித்த துண்டை விட்டுவிட்டுப் பாதித் தூரம் போய்விட்டது. அங்கேயே நின்றது. பிறகு விரல் நுனியால் போனை மகள் பக்கம் தள்ளியது. அவள் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள்.

“நீயே பேசு, நான் வாயே திறக்கலை” என்றாள் அம்மா. “ஸ்பீக்கர்ல மட்டும் போடேன்.”